நாயின் பங்கு

எங்கள் கருப்பாற்றுப் பள்ளத்தாக்கில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லா நாய்களும் சேர்ந்து ஊளையிடும். ஆடுகளை மலையிலிருந்து இறக்கி, காது அடையாளம் பார்த்து அவரவர் ஆடுகளைப் பிரித்துக்கொண்ட பிறகு, புல்லில் முதல் உறைபனி படியும் சமயம் அது. ஆற்றங்கரையில் ஒரு பழைய ஆட்டுக்கொட்டில் இருக்கிறது. கல்லும் புல்லோடு பெயர்த்த மண்கட்டியும் அடுக்கிய சுவர், குனிந்து போகிற வாசல். முந்தின நாள் மாலையே நாய்களைக் கொண்டுவந்து அதில் அடைத்துவிட வேண்டும். இரவெல்லாம் பட்டினி. மறுநாள் காலையில் மருந்து.

மருந்து கொடுப்பவர் ஹோல் பண்ணை இல்லுகி. நாய்களுக்குக் குடல் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஊர்க்குழு யாரையாவது நியமிக்க வேண்டியிருந்தது. கூட்டத்தில் எல்லோரும் குனிந்து தங்கள் மூக்குப்பொடி வைக்கும் கொம்புக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லுகி நிமிர்ந்து பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவர் நாய் வைத்தியர்.

மருந்து என்பது பாக்கு. எங்கோ வெயில் நாட்டில் மரத்தில் காய்ப்பது, கப்பலில் வரும். கல் மாதிரி இருக்கும். சுத்தியலால் உடைத்துக் காப்பி அரைக்கும் இயந்திரத்தில் போட்டு அரைப்பார். முதல் வருஷம் வீட்டு இயந்திரத்திலேயே அரைத்துவிட்டார். அவர் மனைவி விக்டிஸ் அதைக் கொட்டிலுக்கு அனுப்பிவிட்டு, வேறு வாங்கி வரும்வரை அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை.

தூளை வெண்ணெயில் உருட்டி, நாயின் நாக்குக்குப் பின்னால் வைத்து, வாயை மூடிப் பிடித்துக்கொண்டு தொண்டையைத் தடவ வேண்டும். அது விழுங்கியதும் கையை எடுத்துக்கொண்டு விலகிவிட வேண்டும். வயிறு கழிந்து முடித்த நாயைத் தொட்டியில் முக்கிக் கழுவி அனுப்புவார். கழிந்ததையெல்லாம் அள்ளிப் புதைப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவர் பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள்.

"என்ன டாக்டரே, இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தியா?" என்று கேட்டுக்கொண்டே ஹாவ்லிதி வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்.

"உன் நாய்தான் பாக்கி. பிடி."

"எங்கிட்ட சாதுவாத்தான் இருக்கான். உன்னைப் பார்த்தாத்தான் உறுமறான். போன வருஷம் நீ பண்ணினது ஞாபகம் இருக்கும்ல."

"பேச்சை விடு. வாயைப் பிடி."

"எந்த வாயை?"

"ரெண்டையும்."

ஹாவ்லிதி நாயைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். நாய் விழுங்கியது.

"இதெல்லாம் பண்ணி என்ன ஆகப்போகுது இல்லுகி? எங்க அப்பன் காலத்துல நாய்க்குப் பேதி குடுத்தாங்களா? எங்கயோ உக்காந்து சட்டம் போடறவனுக்கு ஆடும் தெரியாது, நாயும் தெரியாது."

"நாய் வயித்துல இருக்கிற புழுவோட முட்டை நமக்குள்ள போயித்தான் கட்டியாகுது. கடற்கரை ஊர் டாக்டர் சொன்னார்."

"முட்டையை நீ பார்த்தியா?"

"இல்ல."

"அவர் பார்த்தாரா?"

"பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்திருக்கார்."

"கண்ணாடி வச்சாத்தான் தெரியும்னா அவருக்குக் கண்ணு சரியில்லன்னு அர்த்தம்."

இதைச் சொல்லும்போது ஹாவ்லிதி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சோல்ரூனுக்கு விலாவுக்குக் கீழே ஒரு வீக்கம் இருந்தது. ஊரில் அதற்கு ஈரல் நோய் என்று பெயர். வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கும் என்பதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. முன்பு ஒரு கோடையில் புல்கட்டைத் தூக்கிக் குதிரைமேல் வைக்கும்போது சோல்ரூன் கால் தடுக்கி வேலிச்சுவர் மேல் சாய்ந்தாள். உள்ளே ஏதோ உடைந்தது. உடம்பெல்லாம் தடித்து அரித்தது. பிறகு மூச்சு முட்டியது. மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது.

சட்டத்தில், ஆடு வெட்டி முடித்த பிறகு நாய்களைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று இருந்தது. அதற்குள் ஆறு ஓரமெல்லாம் உறைந்துவிடும், குதிரை இறங்காது, யாரும் நாயைக் கொண்டுவர மாட்டார்கள். அதனால் ஊர்க்குழு அதை வெட்டு நடக்கும் நாட்களுக்கு நடுவிலேயே வைத்துவிட்டது. பட்டினி கிடந்து, பேதியாகி, குளிர்ந்த தண்ணீரில் குளித்த நாய்கள் வீட்டுக்கு ஓடின. வீட்டில் வெட்டு நடந்துகொண்டிருந்தது.

*

ஹோல் பண்ணையில் அன்று வெட்டியது கிழட்டு ஆடுகள். தோல்கள் சுவர்மேல் விரித்துக் கிடந்தன. விக்டிஸ் முற்றத்துக் கல்லின் முன் முழங்காலிட்டு, குடலைத் திருப்பிச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மகள் ஒட்னி ரத்தத் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். கலக்குவதை நிறுத்தினால் ரத்தம் உறைந்துவிடும். ரை என்ற தானியத்தின் மாவும் கொழுப்பும் சேர்த்து, இரைப்பைகளில் அடைத்து, தைத்து, வேகவைத்து, புளித்த மோர்த் தெளிவில் ஊறப்போட்டால் அடுத்த கோடை வரைக்கும் வரும். மகன் அமெரிக்காவுக்குப் போய்விட்ட பிறகு அந்த வீட்டில் தொட்டியைக் கலக்க ஒட்னியைத் தவிர ஆள் இல்லை.

வீட்டு நாய் லுப்பி வந்தான். ஈரத்தில் ரோமம் ஒட்டிப் பாதி நாயாக இருந்தான். நேராகக் கல்லுக்குப் பக்கத்தில் தன் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தான்.

"வாடா ராஜா. என்ன கோலம் பண்ணி அனுப்பியிருக்கான் பாரு உன்னை."

விக்டிஸ் தட்டிலிருந்த ஈரல்களைப் புரட்டினாள். வழவழப்பாக இருந்ததை வீட்டுக்கென்று ஒதுக்கினாள். கிழட்டு ஆடுகளின் ஈரலில் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர்க் கொப்புளங்கள் இருக்கும். நுரையீரலிலும் இருக்கும். அதை மனுஷர் சாப்பிடுவதில்லை. அதற்குப் பெயரே நாயின் பங்கு. ஒன்றை அறுத்து எறிந்தாள். கொப்புளம் கல்லில் பட்டு உடைந்தது. லுப்பி கல்லையும் சேர்த்து நக்கினான்.

அப்போதுதான் இல்லுகி முற்றத்துக்குள் வந்தார்.

"விக்டிஸ், அதைப் போடாதே. இப்பத்தான் சுத்தம் பண்ணி அனுப்பினேன்."

"சுத்தம் பண்ணின வயிறு காலியாத்தானே இருக்கும்? காலி வயித்துக்கு என்ன போடறது, உன் பாக்கையா?"

"அந்தக் கொப்புளத்துலேர்ந்துதான் நாய்க்குப் புழு வருது. எரிக்கணும். சட்டம் அப்படித்தான்."

"எதை வச்சு எரிக்கிறது? புழுக்கை வறட்டி எவ்வளவு இருக்குன்னு கொட்டில்ல போய்ப் பாரு. கஞ்சி காய்ச்சவே பத்தாது."

"அப்ப புதைச்சிடு."

விக்டிஸ் கத்தியை நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை.

"இறைச்சியை மண்ணுல புதைக்கச் சொல்றியா?"

இல்லுகி லுப்பியைப் பார்த்தார்.

"கடல்ல பனிக்கட்டி வந்து அடைச்ச வருஷம் எங்க வீட்ல செருப்பை வேகவச்சுத் தின்னோம். வாரை வேகவச்சுத் தின்னோம். மண்ணுல எதையும் புதைக்கல. என் தம்பியைத்தான் புதைச்சோம்."

அதற்குள் லுப்பி தின்று முடித்துவிட்டான். இல்லுகி ஊர் நாய்களுக்கெல்லாம் வாயைப் பிடித்துத் திறந்து மருந்து போடக்கூடியவர். வீட்டு முற்றத்தில் அவர் வாய் திறப்பதில்லை. கை கழுவப் போனார்.

ஒட்னி தொட்டியை விட்டு எழுந்தாள். பாதி எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ கொஞ்சம் கலக்கு."

"ஏன், கை விறைச்சுப் போச்சா?"

"இல்ல. இங்க பிடிக்குது."

ரத்தம் சொட்டும் கையால் வலது விலாவுக்குக் கீழே காட்டினாள். விக்டிஸ் எழுந்து வந்து, கையை முன்துணியில் துடைத்துக்கொண்டு, பாவாடைக்கு மேலாகவே வைத்துப் பார்த்தாள். கை அங்கேயே நின்றது. விரல்களை மெல்ல நகர்த்தினாள். ரொட்டி மாவு உருண்டை அளவுக்கு, கெட்டியாக, ஆனால் அழுத்தினால் உள்ளே தண்ணீர் இருப்பது மாதிரி.

"எப்பலேர்ந்து இது?"

"ஆடு குட்டி போட்ட சமயத்துலேர்ந்து. அதுக்கு முன்னாடியும் இருந்திருக்கும்."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

"ராத்திரியில பாவாடை நாடாவை அவுத்து விட்டுத் தைச்சுக்கிட்டிருந்தியே. அதுக்குத்தானா?"

"நாடா எட்டலைன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? அதான்."

விக்டிஸ் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"அவங்க பேசற மாதிரியே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றாள். பிறகு தொட்டிக்கு முன் உட்கார்ந்து கலக்க ஆரம்பித்தாள். ரத்தம் ஓரத்தில் கட்ட ஆரம்பித்திருந்தது.

*

டாக்டர் இருப்பது மேட்டுநிலத்துக்கு அந்தப் பக்கம், கடற்கரை வியாபார ஊரில். ஒட்னியைக் குதிரையில் ஏற்றிக் கொண்டுபோவது என்று இல்லுகி சேணத்தை எடுத்து வைத்தார். செய்தி கேட்டு ஹாவ்லிதி ஆற்றைக் கடந்து வந்தார். பாதைப் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினார்.

"குதிரையில ஏத்தாதே. அது குலுங்கும். சோல்ரூன் சும்மா சாய்ஞ்சா, அவ்வளவுதான். நீ போய் டாக்டரைக் கூட்டிட்டு வா."

"வருவாரா இந்தக் காத்துல?"

"வராம? நீயும் டாக்டர், அவரும் டாக்டர். ஒரு தொழில்காரங்க." பிறகு, "என் சாம்பல் குதிரையைக் கொண்டு போ. உன் குதிரை சேத்துல நின்னு யோசிக்கும்," என்றார்.

இல்லுகி போன பிறகு மழை பனியோடு கலந்து பெய்தது. விக்டிஸும் ஒட்னியும் மீதி இரைப்பைகளைத் தைத்தார்கள். ஒட்னி கட்டிலில் சாய்ந்துகொண்டு தைத்தாள். எங்கள் ஊர்ப் பக்க வீடுகளில் எல்லோருக்கும் ஒரே கூடம்தான். சுவரோரமாகக் கட்டில்கள், நடுவில் பலகைத் தரை. உட்காருவது, நூற்பது, உண்பது, உறங்குவது எல்லாம் அவரவர் கட்டிலில். ஆளுக்கு ஒரு மூடி போட்ட மரக்கிண்ணம் உண்டு. மடியில் வைத்துச் சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தைக் கட்டிலுக்குக் கீழே தரையில் வைப்பார்கள். நாய் ஒவ்வொன்றாகச் சுத்தமாக நக்கும். பிறகு கிண்ணத்தை எடுத்து மூடி அலமாரியில் வைத்துவிடுவார்கள். தண்ணீர் காய்ச்சிக் கழுவ வறட்டி யாரிடம் இருக்கிறது? நாய் நக்கிய கிண்ணம் பளபளவென்றுதான் இருக்கும்.

அன்றும் ஒட்னி, மலைப் பாறையில் படரும் பாசியைக் காய்ச்சிய கஞ்சியைப் பாதி குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். லுப்பிக்கு அன்று நல்ல சாப்பாடு.

"அப்பா இந்நேரம் மேட்டு மேல இருப்பாரா?"

"இருப்பான். அந்தச் சாம்பல் குதிரை நல்லது. அதோட சொந்தக்காரன்தான் உளறுவாயன்."

"அம்மா, சோல்ரூன் அத்தைக்கு வலிச்சுதா?"

"ஊசியைக் கொண்டா. உன் தையல் கோணலாப் போகுது."

*

டாக்டர் ஸ்டெய்ன்டோர் இடுப்பு வரை நனைந்து வந்து சேர்ந்தார். உலர்ந்த உடுப்பு மாற்றி, கற்கண்டைப் பல்லில் வைத்துக்கொண்டு காப்பி குடித்த பிறகு ஒட்னியின் கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு விரலை வைத்து அதன்மேல் இன்னொரு விரலால் தட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது இந்த வருஷம் வந்ததில்லை. நீங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போதே உள்ள போயிருக்கும். மெதுவாத்தான் வளரும்," என்றார்.

"எப்படிப் போகும்?" என்று கேட்டாள் விக்டிஸ்.

"நாய் நக்கின கிண்ணம், நாய் நக்கின கை. அப்ப உங்க வீட்ல நாய் இருந்ததா?"

"இந்த லுப்பியோட அம்மா. இவ அதோட வயித்துல தலை வச்சுத்தான் தூங்குவா."

"அதுக்கு என்ன போடுவீங்க?"

"எல்லா வீட்லயும் போடறதுதான்."

டாக்டர் தலையாட்டினார்.

"எல்லா வீட்லயும்தான் நாய் நக்குது. இந்த நோய் எங்களுக்கு மட்டும் ஏன் வரணும்?" விக்டிஸ் விடவில்லை.

"உங்களுக்கு மட்டும் வரலையே. இந்தப் பள்ளத்தாக்குல எந்த வீட்ல இல்லைன்னு சொல்லுங்க."

விக்டிஸ் ஒவ்வொரு பண்ணையாக நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ஒரு பண்ணைகூடத் தேறவில்லை.

ஒட்னி கேட்டாள். "ஒண்ணும் பண்ணாம விட்டா?"

"பல வருஷம் அப்படியே இருக்கலாம். நாளைக்கே உடையவும் செய்யலாம்."

"அறுத்தா?"

"ரெண்டு தடவையா பண்ணணும். முதல்ல மேல மட்டும் திறந்து துணி வச்சு அடைச்சு விடணும். கட்டி வயித்துத் தோலோட உள்பக்கம் ஒட்டிக்கிற வரைக்கும் நான் இங்கயே இருப்பேன். அப்புறம் கட்டியைத் திறக்கணும். ஒட்டாம திறந்தா உள்ள சிந்திடும். என் கையில பாதிக்கு மேல பிழைச்சிருக்காங்க."

"பாதிக்கு மேலன்னா எவ்வளவு மேல?"

"கொஞ்சம் மேல."

இல்லுகி எழுந்து சன்னல் பக்கம் போனார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, வயல் வெள்ளையாகக் கிடந்தது.

"அடுத்த கோடையில புல் வாற ஆள் வேணும்ல. அம்மாவால தனியா முடியாது," என்றாள் ஒட்னி. "பண்ணிடுங்க."

முதல் அறுவை சீக்கிரம் முடிந்துவிட்டது. அதன்பிறகு காத்திருப்பு. டாக்டர் மகனின் கட்டிலில் படுத்துக்கொண்டார். பகலில் இல்லுகியோடு சேர்ந்து கயிறு திரித்தார். அக்கம்பக்கத்து ஆட்கள் பல் பிடுங்கிக்கொள்ள வந்தார்கள். அவருக்கு விருந்தாளிக்கான பீங்கான் தட்டில் கருவாடும் வெண்ணெயும் வைத்தார்கள். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்ததும் விக்டிஸின் கை தானாகவே கிண்ணத்தைக் கீழே கொண்டுபோகும். டாக்டர் பார்ப்பது தெரிந்ததும் பாதியில் நிற்கும். ஒருமுறை மடியிலேயே வைத்துக்கொண்டாள். இன்னொருமுறை கீழே வைத்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லுங்களேன்," என்று இல்லுகி தனியாகக் கேட்டார்.

"சொல்லிட்டேனே."

"இன்னொரு தடவை."

"போற வீட்ல எல்லாம் சொல்லித்தான் பார்க்கறேன், இல்லுகி. கேட்டுக்கிட்டு எனக்குக் காப்பி கொண்டுவர உள்ள போறாங்க. நான் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கிண்ணம் தரையில இருக்கு."

*

கட்டி ஒட்டிக்கொண்டது என்று டாக்டர் சொன்ன அன்று வெளிச்சம் நன்றாக இருந்தது. பால் அறையின் கதவைக் கழற்றி, கூடத்தில் சன்னலுக்கு நேராக இரண்டு பெட்டிகள்மேல் வைத்தார்கள். ஒட்னி அதில் ஏறிப் படுத்தாள்.

மயக்கமருந்தை மூக்குத்துணியில் சொட்டுச் சொட்டாக விட இல்லுகியைத் தலைமாட்டில் நிறுத்தினார் டாக்டர். ஹாவ்லிதியைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அவர் கால்களைப் பிடித்துக்கொண்டார். விக்டிஸ் பாத்திரத்தைப் பிடித்தாள். ரத்தத்துக்கும் குடலுக்கும் அசராத ஆள் அந்த வீட்டில் அவள்தான்.

"எண்ணு, கண்ணு. சத்தமா எண்ணு," என்றார் இல்லுகி.

ஒட்னி எண்ணவில்லை. வரிசையாக ஆடுகளின் பெயரைச் சொன்னாள். சில பெயர்களுக்குப் பிறகு நாக்கு குழறியது.

"இன்னும் ஒரு சொட்டு. போதும்," என்றார் டாக்டர்.

கத்தி இறங்கியதும் முதலில் தண்ணீர் வந்தது. ரத்தமோ சீழோ இல்லை. ஊற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக, பீய்ச்சிக்கொண்டு பாத்திரத்தில் விழுந்தது. பிறகு டாக்டர் விரலை உள்ளே விட்டு வெள்ளையாக, வேகவைத்த முட்டையின் வெண்கரு மாதிரி ஒரு தோலை இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு வந்து பாத்திரத்தில் மடிந்தது. அதன் பின்னாலேயே சின்னதும் பெரிதுமாக உருண்டைகள் கொத்துக் கொத்தாக வந்து விழுந்தன. திராட்சை மாதிரி என்று டாக்டர்கள் சொல்வார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் திராட்சையைப் பார்த்ததில்லை.

விக்டிஸ் பாத்திரத்தைப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். அவளுக்கு இது தெரிந்த பொருள். ஒவ்வொரு இலையுதிர்காலமும் கல்லின் முன் முழங்காலிட்டு இதைத்தான் அறுத்து எறிந்திருக்கிறாள்.

"அசையாதீங்க. நேராப் பிடிங்க," என்றார் டாக்டர்.

நேராகப் பிடித்தாள்.

ரப்பர் குழாயை வைத்து, துணியால் அடைத்துக் கட்டி முடித்த பிறகுதான் ஹாவ்லிதி கால்களை விட்டார். பாத்திரத்துக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சோல்ரூனுக்கும் இதுதான் உள்ள இருந்துச்சா?"

"ஆமா," என்றார் டாக்டர்.

ஹாவ்லிதி மூக்குப்பொடிக் கொம்பை எடுத்தார். திறக்காமல் திரும்பச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"இதை எரிச்சிடணும். இல்லன்னா ஆழமாப் புதைக்கணும். நாய் கிட்ட வரக் கூடாது," என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே.

விக்டிஸ் இருண்ட நடைவழியில் சுவரைத் தோளால் தடவிக்கொண்டே வெளியே வந்தாள். லுப்பி வாசலில் படுத்திருந்தான். அந்தப் பாத்திரம் அவனுக்குத் தெரியும். வெட்டுக்கு எடுக்கும் பாத்திரம்தான் அது. வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடி, கல்லுக்குப் பக்கத்தில் தன் இடத்தில் உட்கார்ந்தான். குரைக்கவில்லை, தாவவில்லை. நல்ல நாய் அவன். கொடுக்கும்வரை காத்திருக்கக் குட்டியிலிருந்தே பழக்கியவள் விக்டிஸ்தான்.

அவள் நின்றாள். பாத்திரம் கனத்தது. நாய் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தது.

பாத்திரத்தைப் புல் முளைத்த மண்கூரைமேல், நாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்தாள். கொட்டிலுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வேலிச்சுவருக்குப் பின்னால் போனாள். மேல்மண் இறுகியிருந்தது. கடப்பாரை முதலில் பொறி பறக்கத் தெறித்தது. பாளம் பாளமாகப் பெயர்த்த பிறகு கீழே மண் இளகி வந்தது. முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியதும் பாத்திரத்தைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். மண்ணைத் தள்ளப் போனவள் நிறுத்தினாள். திரும்பவும் கொட்டிலுக்குப் போனாள். குளிர்காலத்துக்கு லுப்பிக்கென்று அங்கே ஈரல்களும் நுரையீரல்களும் உத்தரத்தில் தொங்கின. எல்லாவற்றையும் அறுத்து இறக்கினாள். கை நிறைய இறைச்சி. குழி போதாது என்று பார்த்ததும் தெரிந்தது. அகலப்படுத்த ஆரம்பித்தாள்.

லுப்பி ஊளையிட்டான்.

உள்ளே கூடத்தில் எல்லோருக்கும் அது கேட்டது. வீட்டுக்குள் நோயாளி இருக்கும்போது நாய் ஊளையிட்டால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஹாவ்லிதி ஒட்னியின் முகத்தைப் பார்த்தார். இல்லுகியால் பார்க்க முடியவில்லை.

"நாடி இருக்கு. நல்லாவே இருக்கு," என்றார் டாக்டர்.

இல்லுகி வெளியே ஓடினார். வேலிச்சுவருக்குப் பின்னால் மனைவி குழிக்குள் குனிந்திருந்தாள். பக்கத்தில் இறைச்சிக் குவியல். சற்றுத் தள்ளி நாய் வானத்தைப் பார்த்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"கொடு, நான் தோண்டறேன்," என்று கடப்பாரையைப் பிடித்தார்.

அவள் விடவில்லை.

"நீ போய்க் கல்லு கொண்டுவா. பெரிசா, தட்டையா. அவன் பறிச்சிடுவான்."

இல்லுகி கல்லைத் தேடிப் போனார். திரும்பி வரும்போது அவள் குழிக்குள் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தாள். எறியவில்லை.

*

குழாய் வழியாக வெகுநாள் வடிந்தது. நடுவில் காய்ச்சல் வந்து, ஒட்னி ஆள் தெரியாமல் பேசினாள். டாக்டர் மேட்டுநிலப் பாதையைப் பனி மூடுவதற்கு முன் கிளம்ப வேண்டியிருந்தது. துணி மாற்றுவது எப்படி என்று விக்டிஸுக்குக் காட்டிவிட்டுப் போனார். கிறிஸ்துமஸ் வந்து போனது. ஒருநாள் ஒட்னி, "பசிக்குது," என்றாள்.

விக்டிஸ் பாசிக் கஞ்சியில் பாலை நிறைய ஊற்றிக் கொடுத்தாள். இல்லுகி கயிறு திரிப்பதை நிறுத்திவிட்டு, மகள் சாப்பிடுவதைப் பார்க்காத மாதிரி பார்த்தார். ஒட்னி கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். கரண்டியை நக்கி வைத்தாள். பிறகு, விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சாய்ந்து கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

லுப்பி எழுந்து வந்தான்.

அவன் வாய் படுவதற்குள் விக்டிஸ் கிண்ணத்தை எடுத்துவிட்டாள்.

"பார்க்கறான் அம்மா."

"பார்க்கட்டும். அவனுக்கு வெளியில சட்டி வச்சிருக்கேன்."

"அது இரும்புச் சட்டி. குளிர்ல நாக்கு ஒட்டும்."

"ஒட்டட்டும்."

இப்படி ஆரம்பித்த கழுவலில் வறட்டி குளிர்காலம் முடிவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. ஹாவ்லிதி பனிச்சறுக்கு வண்டியில் ஒரு சுமை கொண்டுவந்து இறக்கினார்.

"நாய் வைத்தியர் வீட்ல கிண்ணத்தைக் கூட வேகவச்சுத் தின்கிறாங்களாமே."

"உள்ள வந்து காப்பி குடி, உளறுவாயா," என்றாள் விக்டிஸ்.

அவர் குடித்த கோப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனாள். கூடத்தில், ஒட்னியின் கட்டிலுக்கு முன்னால் பலகையில் ஒரு வட்டம் இருந்தது. எத்தனையோ வருஷங்களாகக் கிண்ணம் வைத்து வைத்து வெளுத்த இடம். லுப்பி வந்து அதை மோந்து பார்த்தான். ஒன்றுமில்லை. வெறும் பலகையை நக்கினான். நக்கிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து, அடுப்படிப் பக்கம் பார்த்துக் காத்திருந்தான். அங்கே தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.